அன்றாட வாக்கியங்களில் சார்பை அடையாளம் காண்பது எப்படி?

நீங்கள் மூன்று வாக்கியங்களைத் தந்து, எது சார்புடையது, எது நியாயமானது என்று கேட்டிருக்கிறீர்கள். "பெண்ணாக இருந்தாலும் நிர்வாகத்தைத் திறமையாக நடத்துகிறார்" என்பது முதலாவது. "அந்த ஊழியர் இந்த மாதம் ஆறு நாள் தாமதமாக வந்தார்" என்பது இரண்டாவது. "வயதானவர்களுக்குக் கணினி வராது" என்பது மூன்றாவது. உங்கள் நண்பர்கள் முதலாவதைப் பாராட்டு என்றும், இரண்டாவதைக் குத்திக்காட்டும் பேச்சு என்றும், மூன்றாவதை அனுபவத்தில் கண்ட உண்மை என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மக்கள் கூட்டத்தாரை எந்தப் பெயரால் குறிப்பது, இந்த விஷயத்தில் எவை உறுதியானவை, எவை ஐயத்துக்குரியவை, தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஏதாவது உண்டா என்றும் இறுதியில் கேட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒரு பேச்சு கேட்பவர் மனத்தைப் புண்படுத்துகிறதா என்பது ஒன்று. அது எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டும் சில சமயம் சேர்ந்தே வரும், பல சமயம் சேராது. உங்கள் நண்பர்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்டது இரண்டாவதை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மொழியியல் படித்தவன். படிப்பு முடிந்தபின் நெடுங்காலமாகச் செய்தித்தாளில் துணையாசிரியராக இருந்து, பிறர் எழுதிய பிரதிகளைத் திருத்திவருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்பு பெரும்பாலும் வாக்கியத்தின் சூடான சொல்லில் இருப்பதில்லை. வாக்கியம் வாதிடாமலேயே நம்மை எதை ஏற்கவைக்கிறதோ அங்கேதான் இருக்கிறது. நியாயமான வாக்கியம் தன் கூற்றை முன்னால் வைக்கும். "இல்லை, அப்படியல்ல" என்று கேட்பவர் மறுக்க அதில் இடம் இருக்கும். சார்புடைய வாக்கியமோ தன் தீர்ப்பை ஒரு விகுதியிலோ இடைச்சொல்லிலோ பெயரெச்சத்திலோ வைத்துவிட்டு, வேறு எதையோ பேசுவதுபோல் கடந்துபோய்விடும். இதனால்தான் சொற்பட்டியல் அதிகம் உதவுவதில்லை. விக்கிப்பீடியாவில் நடுநிலை கருதித் திருத்தப்பட்ட வாக்கியங்களை மார்ட்டா ரெகாசென்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் ஆராய்ந்தபோது சார்பை இரு வகையாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் வெளிப்படையாகச் சாயும் சொற்கள் ஒரு வகை. ஒரு செய்தியை உண்மை என்றோ ஐயத்துக்குரியது என்றோ ஓசையில்லாமல் காட்டிவிடும் சொற்கள் மற்றொரு வகை. சார்புடையது என்று முன்பே தெரிந்த வாக்கியத்தைக் கையில் கொடுத்து, எந்தச் சொல்லால் சார்பு வந்தது என்று சாதாரண வாசகர்களைக் கேட்டபோது, அவர்களால் பாதிக்கும் குறைவான தடவைகளில்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. ஆகவே உங்கள் நண்பர்கள் தடுமாறியதில் வியப்பில்லை.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அதை ஒருவர் மறுக்க விரும்பினால் என்ன சொல்வார்? "இல்லை, திறமையாக நடத்தவில்லை" என்பார். அப்படிச் சொன்னதும் மறுக்கப்படுவது திறமை மட்டும்தான். பெண்களிடம் நிர்வாகத் திறமையை எதிர்பார்க்க முடியாது என்ற கருத்து "இருந்தாலும்" என்ற சொல்லுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மறுப்பு அதைத் தொடவே இல்லை. "ஆமாம்" என்றாலும் அது நிற்கிறது, "இல்லை" என்றாலும் நிற்கிறது. ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒரே செய்தியை முன்கூட்டி ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்ள முடியும் என்பதைத் தத்துவ அறிஞர் காட்லோப் ஃப்ரெகெ 1892-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே காட்டியிருக்கிறார். "இருந்தாலும்", "ஆனால்" போன்றவை உணர்த்தும் எதிர்பார்ப்பை மொழியியலில் சற்று வேறு வகையாகக் கணக்கிடுவார்கள் என்றாலும், மறுப்புக்குப் பிடிபடாத தன்மை இரண்டுக்கும் பொது. உங்கள் கையில் இருக்கவேண்டிய முதல் சோதனை இதுதான்: வாக்கியத்தை மனத்துக்குள் மறுத்துப் பாருங்கள். மறுத்த பிறகும் ஒரு தீர்ப்பு மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்தைத் தனி வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "பெண்கள் பொதுவாக நிர்வாகத்தில் திறமை குறைந்தவர்கள்" என்று தனியே எழுதிக் கையொப்பமிட அந்தப் பேச்சாளர் துணிவாரா? துணியமாட்டார் என்றால், அவர் சொல்லத் துணியாததை அவருடைய வாக்கியம் சொல்லிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது சோதனை ஆளை மாற்றிப் பார்ப்பது. "ஆணாக இருந்தாலும் நிர்வாகத்தைத் திறமையாக நடத்துகிறார்" என்று சொல்லிப் பார்த்தால் காதில் இடறுகிறது. அந்த இடறல்தான் அளவுகோல் இரண்டு என்பதற்கு அடையாளம். இந்தச் சோதனை பரவலாகச் சொல்லித்தரப்படுவது, பயனுள்ளதும்கூட. ஆனால் இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஒரு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு இதுவரை ஆண்கள் மட்டுமே வந்திருக்க, இப்போது ஒரு பெண் வருகிறார் என்றால், "முதல் பெண் தலைவர்" என்பது செய்தி. "முதல் ஆண் தலைவர்" என்று மாற்றினால் பொருந்தவில்லை என்பதற்காக அது சார்பாகிவிடாது. உலகத்திலேயே ஒரு வேறுபாடு இருந்து, அந்த வேறுபாடு பேசும் பொருளுக்குத் தேவையாகவும் இருந்தால், அதைச் சொல்வது நியாயம்தான். இரண்டும் இல்லாத இடத்தில் ஒருவருடைய பாலினமோ வயதோ பிறப்போ மதமோ ஏன் வாக்கியத்துக்குள் வந்தது என்று கேட்க வேண்டும். விபத்துச் செய்தியில் ஓட்டுநரின் மதத்தை நான் நீக்கிவிடுவது அதனால்தான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அங்கே அதற்கு வேலை இல்லை, வேலையில்லாத விவரத்துக்கு வாசகர் தாமாகவே ஒரு வேலை கொடுத்துக்கொள்வார்.

நம் மொழியில் தீர்ப்பு ஒளிந்துகொள்ள இடங்கள் ஏராளம். சார்பு பற்றிய கையேடுகள் பெரும்பாலும் இவற்றைப் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெயரெச்சத்திலிருந்து தொடங்கலாம். "அந்த ஊழியர் பொறுப்பற்றவர்" என்றால் அது ஒரு கூற்று. ஆதாரம் கேட்கலாம், சண்டை போடலாம். "பொறுப்பற்ற அந்த ஊழியர் இன்றைக்கு விடுப்புக் கேட்டிருக்கிறார்" என்றால் பேச்சு விடுப்பைப் பற்றியதாகிவிடுகிறது. பொறுப்பின்மை ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த செய்திபோல் பெயருக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. வினையெச்சத் தொடர் இதைவிட நுட்பமானது. "வேலைக்குப் போய்ப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டார்" என்ற வாக்கியத்தில் "போய்" என்பது காலவரிசையை மட்டும்தான் சொல்கிறது என்று இலக்கணப்படி வாதாடலாம். கேட்பவர் காதில் அது காரணமாகவே விழுகிறது. "அவர் வேலைக்குப் போனார். பிள்ளையின் மதிப்பெண் குறைந்தது" என்று இரண்டாகப் பிரித்தால், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி உடனே எழும். ஒன்றாகக் கோத்ததும் அந்தக் கேள்வி எழாமலே போய்விடுகிறது.

துணைவினைகள் இன்னொரு வகை. "கேள்வி கேட்டார்" என்பது நடந்ததைச் சொல்கிறது. "கேள்வி கேட்டுத் தொலைத்தார்" என்பதில் சொல்பவரின் எரிச்சல் இருக்கிறது. "மனு கொடுத்தார்" என்பதற்கும் "மனுவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்" என்பதற்கும் நிகழ்ச்சியில் வேறுபாடு இல்லை. மனு கொடுத்தவரின் மதிப்பில்தான் வேறுபாடு. "எழுதித் தள்ளுகிறார்", "பேசிக்கொண்டு திரிகிறார்", "வாங்கிக் குவிக்கிறார்" என்று நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறோம். முதல் வினை செய்தியைத் தாங்குகிறது, இரண்டாவது வினை நம் மனப்பாங்கைத் தாங்குகிறது. இடைச்சொற்களும் அப்படித்தான். "அவர் பிள்ளை கூடத் தேர்ச்சி பெற்றுவிட்டான்" என்பதில் வாழ்த்து இருப்பதுபோல் தோன்றும். அந்தப் பிள்ளையிடம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை என்பதே "கூட" சொல்லும் செய்தி.

மரியாதை விகுதியை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. "மேலாளர் கேட்டார், காவலாளி சொன்னான்" என்று எழுதிய பிரதி இன்றும் என் மேசைக்கு வருகிறது. எழுதியவருக்கு அந்தக் காவலாளிமேல் எந்தக் காழ்ப்பும் இல்லை. வினைமுற்று ஒவ்வொன்றும் ஒருவருக்குரிய மதிப்பை அறிவித்தே ஆகவேண்டும் என்பது நம் மொழியின் அமைப்பு. அந்த இடத்தில் கை பழக்கப்படி போய்விடுகிறது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கும் முன்பே "தப்பி ஓடினான்" என்று ஆகிவிடுவதும் இதே பழக்கத்தால்தான். ஒரு பத்தியில் வரும் ஆட்களை எல்லாம் வரிசையாக எழுதி, யாருக்கு "ஆர்", யாருக்கு "ஆன்", யாருக்கு "அது" என்று குறித்துப் பாருங்கள். அந்தப் பட்டியல் அவர்களுடைய வயதைப் பின்பற்றினால் அது மொழி மரபு. தொழிலையோ பிறப்பையோ பின்பற்றினால் அது சார்பு. சிறுவர்களை ஒருமையில் சொல்வது இயல்பு என்று நான் கருதுகிறேன். இதில் வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு.

யார் செய்தது என்பதைக் காட்டும் விதமும் கவனிக்கத்தக்கது. உடைந்தது, உடைத்தார், அழிந்தது, அழித்தார், தாமதமாயிற்று, தாமதப்படுத்தினார் என்று தன்வினையும் பிறவினையும் நம்மிடம் இணை இணையாக இருக்கின்றன. அலுவலகக் கூட்டத்தில் கவனித்துப் பாருங்கள். நம் பிரிவில் நடந்தால் "வேலை கொஞ்சம் தாமதமாகிவிட்டது" என்போம். பக்கத்துப் பிரிவில் நடந்தால் "வேலையைத் தாமதப்படுத்திவிட்டார்கள்" என்போம். இரண்டும் இலக்கணப்படி சரி, இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வேறுபாடு பழியின் எடையை மாற்றும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கெயிட்லின் ஃபாசியும் லேரா போரோடிட்ஸ்கியும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விபத்தை "தீப்பிடித்தது" என்ற பாங்கில் படித்தவர்களைவிட, "இன்னார் தீப்பிடிக்க வைத்தார்" என்ற பாங்கில் படித்தவர்கள் அந்த ஆள்மீது அதிகப் பழியும் அதிக இழப்பீட்டுத் தொகையும் சுமத்தினார்கள். இதைவிடப் பழையது எலிசபெத் லோஃப்டசும் ஜான் பால்மரும் 1974-இல் செய்த சோதனை. மாணவர்கள் 45 பேருக்குக் கார்கள் மோதும் படக்காட்சிகளைக் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். "மோதி நொறுங்கின" என்ற பொருள்படக் கேட்டபோது சராசரி மதிப்பீடு மணிக்குச் சுமார் 40 மைல். "தொட்டன" என்ற பொருள்படக் கேட்டபோது சுமார் 32 மைல். 150 பேரைக் கொண்டு நடத்திய அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. கடுமையான வினையைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "மோதின" என்று மட்டும் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர் அப்படிச் சொன்னார்கள்.

இனி உங்கள் மூன்றாவது வாக்கியம். "வயதானவர்களுக்குக் கணினி வராது" என்பதில் எல்லாருக்கும், பலருக்கும், சிலருக்கும் என்ற அளவே இல்லை. அதுதான் அதன் வலிமை. தமிழில் எதிர்கால வினையே வழக்கத்தையும் இயல்பையும் குறிக்கும் வினையாகவும் வேலை செய்வதால், அளவு சொல்லாமல் ஒரு கூட்டத்தார் எல்லாரையும் பற்றிப் பேசுவது நமக்கு மிக எளிது: "வருவார்கள்", "செய்யமாட்டார்கள்", "அப்படித்தான் பேசுவார்கள்". இத்தகைய பொதுக் கூற்றுகளுக்கு ஒரு விந்தையான தன்மை உண்டு. "கொசு மலேரியாவைப் பரப்பும்" என்கிறோம், யாரும் மறுப்பதில்லை. உண்மையில் மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலிஸ் இனத்தின் பெண் கொசுக்கள் மட்டும். மற்றக் கொசுக்களுக்கு அதில் பங்கில்லை. பெரும்பான்மைக்குப் பொருந்தாவிட்டாலும் பொதுக் கூற்று உண்மையாக ஒலிக்கும், அதுவும் ஆபத்தைப் பற்றியதாக இருந்தால் இன்னும் எளிதாக ஒலிக்கும். ஆண்ட்ரே சிம்பியன் முதலானோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தையும் காட்டியது. இப்படிப்பட்ட கூற்றை ஏற்க மக்கள் குறைந்த ஆதாரத்தையே கேட்கிறார்கள்; ஏற்றுக்கொண்ட பிறகோ அது ஏறத்தாழ எல்லாருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிறிய ஆதாரத்தில் நுழைந்து பெரிய முடிவாக வெளியே வருகிறது. கொசுவைப் பற்றி இப்படிப் பேசுவதால் கொசுவுக்கு நட்டமில்லை. ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் அறுபது வயதுக்காரருக்கு நட்டம் உண்டு.

இந்த இடத்தில் உங்கள் நண்பர்கள் "நாங்கள் பார்த்ததைத்தானே சொன்னோம்" என்பார்கள். அவர்கள் பார்த்தது பொய் என்று நான் சொல்லவில்லை. என் தந்தைக்குப் புதிய செயலியைப் பழக நெடுநாள் பிடித்தது என்று ஒருவர் சொன்னால் அது அவர் கண்டது, முழுக்க நியாயமானது. கண்டதற்கும் சொன்னதற்கும் இடையில் எவ்வளவு தூரம் தாவியிருக்கிறார் என்பதே கேள்வி. "நான் பயிற்சி கொடுத்த முதியவர்களில் பலருக்குத் தொடக்கத்தில் கூடுதல் நேரம் தேவைப்பட்டது" என்று சொன்னால், அவருடைய அனுபவம் அப்படியே இருக்கிறது. யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மறைந்தது தாவல் மட்டும்தான்.

இதையொட்டி இன்னொரு வேறுபாடு உண்டு. செயலைச் சொல்வது ஒன்று, குணத்தைச் சொல்வது மற்றொன்று. குன் செமினும் கிளாஸ் ஃபீட்லரும் 1988-இல் இதைப் படிகளாக வகுத்தார்கள்: "கதவை அறைந்து சாத்தினார்" என்பது கண்ணால் கண்ட செயல், "மரியாதைக் குறைவாக நடந்தார்" என்பது அச்செயலுக்கு நாம் தரும் விளக்கம், "எங்களை வெறுக்கிறார்" என்பது அவர் மனநிலை பற்றிய ஊகம், "முரடர்" என்பது குணம் பற்றிய தீர்ப்பு. படி ஏற ஏற ஆதாரம் குறைகிறது, தீர்ப்பு நிலைபெறுகிறது. ஆன் மாஸ் முதலானோர் இத்தாலியில் குதிரைப் பந்தயத்தில் போட்டியிடும் பகுதிகளைச் சேர்ந்த மக்களிடம் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே செயலைத் தம் கூட்டத்தார் செய்தாலும் எதிர்க்கூட்டத்தார் செய்தாலும் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். தம்மவர் செய்த நல்லதும் எதிரணியார் செய்த கெட்டதும் குணமாகச் சொல்லப்பட்டன. தம்மவர் செய்த கெட்டதும் எதிரணியார் செய்த நல்லதும் ஒருமுறை நடந்த செயலாகச் சொல்லப்பட்டன. நம் பிள்ளை கண்ணாடியை உடைத்தால் "கை தவறிவிட்டது", அடுத்த வீட்டுப் பிள்ளை உடைத்தால் "அடங்காத பிள்ளை". இதில் ஒரு சொல்கூடத் தீய சொல்லாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டு வாக்கியமும் குற்றமற்றவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சார்பு தெரியும். அதனால்தான் ஒரே ஒரு வாக்கியத்தைக் காட்டி "இது சார்பா?" என்று கேட்டால், பல சமயம் "அவர் மற்றவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்?" என்று நான் திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது.

பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வினைகளிலும் இதே கதைதான். "சொன்னார்" என்பது பாரமற்றது. "ஒப்புக்கொண்டார்" என்றால் ஒரு குற்றம் முன்பே இருந்தது என்றாகிறது. "சுட்டிக்காட்டினார்" என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாமே முத்திரை வைக்கிறோம். "கூறிக்கொள்கிறார்" என்றால் நம்பாதீர்கள் என்கிறோம். "அவருக்கு உடம்பு சரியில்லையாம்" என்பதில் வரும் "ஆம்" இயல்பில் கேள்விப்பட்ட செய்தி என்பதை மட்டும் காட்டும் நேர்மையான விகுதி. குரலை ஒரு இழு இழுத்தால் அதே விகுதி ஏளனமாகிவிடும். எழுத்தில் குரல் இல்லாததால், இந்த "ஆம்" எங்கே சார்பாகிறது என்பதை என்னால் எல்லா இடத்திலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சுற்றியுள்ள வரிகளை வைத்துத்தான் ஊகிக்கலாம்.

உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். ஆறு நாள் தாமதம் என்பது எண்ணக்கூடியது, சரிபார்க்கக்கூடியது, அந்த ஊழியரே மறுக்கக்கூடியது. அவர் மனம் சங்கடப்படலாம். அதனால் வாக்கியம் சார்பாகாது. மூன்றில் நியாயமானதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆனாலும் முழுச் சான்றிதழ் தர எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதே மாதம் அந்தப் பிரிவில் மற்றவர்களும் ஐந்து நாள், ஏழு நாள் தாமதமாக வந்திருந்து, இவர் பெயரை மட்டும் எடுத்துச் சொன்னால், உண்மையான வாக்கியமே சார்பான வேலையைச் செய்துவிடும். எண்ணுக்கு எப்போதும் ஒப்பீடு தேவை. எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், 600 பேரைத் தாக்கக்கூடிய நோய்க்கு, விளைவு உறுதியான ஒன்றும் விளைவு வாய்ப்பைப் பொறுத்த மற்றொன்றுமாக இரண்டு திட்டங்களை முன்வைத்தார்கள். உறுதியான திட்டத்தை "200 பேர் காப்பாற்றப்படுவர்" என்று சொன்னபோது 72 விழுக்காட்டினர் அதைத் தேர்ந்தார்கள். அதே திட்டத்தை "400 பேர் இறப்பர்" என்று சொன்னபோது 22 விழுக்காட்டினர்தான் தேர்ந்தார்கள். கணக்கு ஒன்றே, இரண்டு வாக்கியங்களிலும் பொய் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் எது நியாயமான வாக்கியம் என்று தேடுவது வீண். இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இரண்டு பக்கத்தையும் சொல்வது எப்போதுமே நியாயம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். இந்தத் தவறு படித்தவர்களிடம்தான் அதிகம். பருவநிலை மாற்றம் குறித்து அமெரிக்காவின் முன்னணி நாளிதழ்கள் 1988 முதல் 2002 வரை வெளியிட்டவற்றை மேக்ஸ்வெல் பாய்காஃபும் ஜூல்ஸ் பாய்காஃபும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். ஆராய்ந்த செய்திகளில் பாதிக்கும் சற்று மேலானவை, மனிதர்களின் பங்கு உண்டு என்பதற்கும் இயற்கையான ஏற்றத்தாழ்வே காரணம் என்பதற்கும் ஏறத்தாழச் சமமான இடம் கொடுத்திருந்தன. அறிவியலாளர்களிடையே அந்தச் சமநிலை இருக்கவில்லை. ஆதாரம் ஒரு பக்கம் குவிந்திருக்கும்போது சமமாக இடம் பிரித்துக் கொடுப்பதும் சார்புதான். கடுமையைப் பற்றியும் இதையே சொல்வேன். ஒருவர் தெரிந்தே பொய்க்கணக்கு எழுதியது ஆவணத்தோடு நிறுவப்பட்டிருந்தால் "பொய்க்கணக்கு எழுதினார்" என்பதே நியாயமான வாக்கியம். "கணக்கில் சில முரண்பாடுகள் காணப்பட்டன" என்று மென்மையாக்கினால், பாதிக்கப்பட்டவருக்கு எதிராகச் சாய்ந்துவிடுகிறோம்.

மக்கள் கூட்டத்தாரைக் குறிக்கும் பெயர்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அவர்கள் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அப்படி அழைப்பது பாதுகாப்பான வழி. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி 2006-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை ஆளை முன்னிறுத்தி, மாற்றுத்திறன் கொண்ட நபர்கள் என்ற பாங்கில் பேசுகிறது. ஆனால் காது கேளாதோரிலும் ஆட்டிசம் உள்ளோரிலும் பலர், அந்த அடையாளத்தையே முன்னால் வைத்துத் தம்மைச் சொல்ல விரும்புகிறார்கள். ஆகவே ஒரே விதி எல்லாருக்கும் பொருந்தாது. கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை. பெயரை மாற்றினால் மனப்பான்மை மாறுமா என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை. மதிப்பு மாறாத இடத்தில் புதிய பெயரும் சில காலத்தில் பழைய பெயரின் கறையை ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் பல உண்டு. அதற்காக இழிவான பெயரையே தொடரலாம் என்று வாதிடுவதை நான் ஏற்கமாட்டேன். அழைக்கப்படுபவருக்கு இன்றைக்கே வலிக்கிறது.

உறுதியானவை, ஐயத்துக்குரியவை என்று பிரித்துச் சொல்லச் சொன்னீர்கள். சொல்லமைப்பு கேட்பவரின் மதிப்பீட்டை நகர்த்துகிறது என்பது உறுதி. மேலே சொன்ன சோதனைகள் அதைக் காட்டுகின்றன. எவ்வளவு நகர்த்துகிறது, எவ்வளவு காலம் அது நீடிக்கிறது என்பது ஆளுக்கும் சூழலுக்கும் ஏற்ப மாறும். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் கண்ட அளவை வீட்டுப் பேச்சுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. நாம் பேசும் மொழியே நம் சிந்தனையின் எல்லையைத் தீர்மானித்துவிடும் என்ற பழைய கடும் கொள்கையை இன்று மொழியியலாளர்களில் மிகச் சிலரே ஏற்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாக்கியத்தில் சார்பு இருப்பதை வைத்துச் சொன்னவர் உள்ளத்தைத் தீர்ப்பிட முடியாது என்பது. "பெண்ணாக இருந்தாலும்" என்றவர் அந்த நிர்வாகியை மனமாரப் பாராட்ட விரும்பியிருக்கலாம். "நீங்கள் ஆணாதிக்கவாதி" என்று அவரிடம் சொன்னால், இதுவரை எந்தத் தாவலைக் குறை கூறினோமோ அதே தாவலை நாமும் செய்கிறோம்: ஒரு செயலிலிருந்து ஒரு குணத்துக்கு. வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசலாம், "இருந்தாலும் என்று ஏன் சேர்த்தீர்கள், அதை எடுத்துவிட்டால் நீங்கள் சொல்ல வந்ததில் எது குறைகிறது?" என்று கேட்கலாம். பெரும்பாலும் எதுவும் குறையாது. "நிர்வாகத்தைத் திறமையாக நடத்துகிறார்" என்பது பாராட்டாகவே நிற்கும், அதுவும் நிபந்தனையில்லாத பாராட்டாக.

பட்டியலுக்குப் பதிலாக, உங்கள் கையில் இருக்கும் வாக்கியங்களைத் திருத்திப் பழகுவதையே நான் பரிந்துரைப்பேன். மூன்றாவதை எடுத்துக்கொண்டு, அளவைச் சேருங்கள்: யார், எத்தனை பேர், எதில், எப்போது. "எங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்த முதியவர்களில் பாதிப்பேருக்குக் கடவுச்சொல்லை மாற்றும் இடத்தில் உதவி தேவைப்பட்டது" என்பதுபோல ஒன்று வரும். எண்ணிக்கை நினைவில்லை என்றால் "சிலர்" என்றே எழுதுங்கள். "சிலர்" என்று எழுதியதும் வாக்கியம் சப்பென்று ஆகிவிட்டது என்று தோன்றினால், அதற்குமுன் இருந்த சுவை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். இரண்டாவதில் அந்தப் பிரிவின் மற்றவர்கள் எத்தனை நாள் தாமதமாக வந்தார்கள் என்பதையும், காரணம் ஏதாவது அந்த ஊழியர் எழுத்தில் தந்திருந்தால் அதையும் சேருங்கள். அப்படிச் சேர்த்த பிறகும் அவருடைய ஆறு நாள் தனித்துத் தெரிந்தால், அந்த வாக்கியத்தை அவர் முன்னிலையிலேயே தயங்காமல் வாசிக்கலாம்.